ரெண்டாம் நம்பர் கம்ப்யூட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறது. இங்க நான் சௌக்கியம்னு ஆரம்பிக்கணும், அதான் முறை, ஆனா பொய் சொன்னா என் இருமலை வச்சே கண்டுபிடிக்கிறவ நீ, அதனால பாதி சௌக்கியம்னு வச்சுக்க. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் முழுசா சௌக்கியமா இருக்கணும். முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அது சில சொந்தக்காரங்க மாதிரி, வந்தா போகத் தெரியாது. எழுத்து கோணலா இருக்கும், படிச்ச படிப்பு அவ்வளவுதான், கொம்பு சுழி விட்டிருந்தா நீயே போட்டுக்க, இன்ஜினியர்தானே. கெழவன் போன் பண்ணாம தபால் அனுப்புறானேன்னு பாக்காத, கவருக்குள்ள துணியில சுத்தி ஒரு குட்டிப் பென் டிரைவ் இருக்கு, அதை முதல்ல பத்திரமா எடுத்து வச்சுட்டு அப்புறம் படி. நீ கேட்டது அதுலதான் இருக்கு. ஏன் இத்தனை நாள் ஆச்சுங்கிறதைப் போன்ல சொல்லப் பாத்தேன், மழை வெயிலைப் பத்திப் பேசிட்டு வச்சுடுறேன், அதான் பேனா எடுத்தேன்.

அன்னிக்கு அழுதுகிட்டே கேட்டியே, அம்மா முகம் மறந்து போயிடுமோன்னு பயமா இருக்குப்பா, அவ கம்ப்யூட்டர்ல இருக்குற போட்டோ எல்லாம் அனுப்புங்கன்னு. நானும் நாளைக்கே அனுப்புறேம்மான்னேன். அப்புறம் நீ கேக்கக் கேக்க ஒவ்வொரு சாக்கா எடுத்து விட்டேன். மவுஸ் வேலை செய்யல, மெக்கானிக் வெளியூர் போயிட்டாரு, மெக்கானிக்குக்குக் காய்ச்சல், மெக்கானிக் மச்சானுக்குக் கல்யாணம்னு. அந்த மனுஷன் கல்லு மாதிரி இருக்காரு, அவருக்கு மச்சானே கிடையாது. மவுஸ் வேலை செய்யலங்கிறது மட்டும் நெசம்.

உனக்குத் தெரியாததா, நீதானே அந்தச் சுவிட்ச் பொட்டியை வாங்கிக் குடுத்த. நீ அனுப்பின புதுக் கம்ப்யூட்டரை அம்மா தொடவே மாட்டேன்னுட்டா, அவளுக்கு அந்தப் பழசுதான், எனக்குப் புதுசு, மேசையில ஒரு திரைக்குத்தான் இடம். ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருக்க ஒரு திரை, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ், நடுவுல ஒரு பொட்டி, ஒண்ணை அமுக்கினா என்னுது, ரெண்டை அமுக்கினா அவளுதுன்னு மாட்டி விட்டுட்டுப் போன. வாழ்நாள் பூரா லிஃப்ட்ல பட்டன் அமுக்கினவன் கையில இன்னொரு பட்டனைக் குடுத்தா சும்மா இருப்பானா. அவ சீட்டாட்டத்துல கண்ணைச் சுருக்கிக்கிட்டு கறுப்புப் பத்து மேல சிவப்பு ஒம்போதை வைக்கப் போகும்போது நான் பின்னாடி வந்து ஒண்ணை அமுக்கிடுவேன். ஆட்டம் மறைஞ்சு என் கிரிக்கெட் வந்து நிக்கும். உங்கப்பனுக்கு வயசாகுதே தவிர வாலு குறையலடின்னு உங்கிட்ட போன் போட்டுப் பஞ்சாயத்து வச்சதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கும் அவ சீட்டுதான் ஆடிக்கிட்டு இருந்தா. மூச்சு ஒரு மாதிரியா இருக்குன்னு எழுந்தா. வண்டி வந்து வாசல்ல நிக்குது, அப்பவும் திரும்பிப் பாத்து, நான் வந்து முடிச்சுக்கறேன், யாரும் கை வைக்கக் கூடாதுன்னா. யாரும்னா யாரு, வீட்ல வேற யாரு இருக்கா. அவ சொன்னதுல நான் ஒழுங்காக் கேட்டது அந்த ஒண்ணுதான். எல்லாம் முடிஞ்சு, நீங்க எல்லாரும் வந்துட்டுத் திரும்பிப் போன பிறகும், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் புண்ணியத்துல, அந்த ஆட்டம் அப்படியே நின்னுச்சு. தினமும் ரெண்டை அமுக்குவேன், பாப்பேன், ஒண்ணுக்கு வந்துடுவேன்.

அப்பதான் தூசி துடைக்கிறேன்னு ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். மேசையை இழுத்தேன், அவ கம்ப்யூட்டர் பின்னாடி இருந்த ஒயர் கழண்டு வந்துடுச்சு. வந்த வேகத்துலயே திருப்பிச் சொருகினேன். படம் தெரியுது, சீட்டெல்லாம் அங்கயே இருக்கு, ஆனா அம்பு நகரல. உங்கிட்ட அன்னிக்குப் போன் பண்ணேன்ல, நீயும் ஆபீஸ்ல இருந்துகிட்டே வைத்தியம் பாத்த, சுவிட்ச்ல எந்த லைட்டுப்பா எரியுது, கீபோர்டுல நம்லாக் அமுக்குங்க, அதுல லைட் மாறுதான்னு. ஒண்ணாம் நம்பர்ல மாறுச்சு, ரெண்டுல செத்தவன் கண்ணு மாதிரி அப்படியே இருந்துச்சு. அப்பவே நீ ரீஸ்டார்ட் பண்ணுங்கன்ன. நான் உடனே லைன் சரியில்லம்மான்னு போனை வச்சுட்டேன். லைன் நல்லாத்தான் இருந்துச்சு.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். நாங்க அவரை ஊதல் மாஸ்டர்னுதான் சொல்லுவோம், எந்த மிஷினைத் திறந்தாலும் முதல்ல கன்னம் உப்ப ஒரு ஊது ஊதிட்டுத்தான் திருப்புளியையே தொடுவாரு. அவரும் பாவம் என்னென்னமோ பண்ணிப் பாத்தாரு. சுவிட்சோட ஒயரை ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போட்டாரு, சுவிட்சையே தூக்கிட்டு கீபோர்டை நேரா அவ கம்ப்யூட்டர்ல சொருகினாரு, அசையல. யூஎஸ்பிங்கிறாங்களே, அந்தத் தட்டை பின் மவுஸ் ஒண்ணு கொண்டாந்தாரு, அதைச் சொருகுற ஓட்டை ரெண்டும் எப்பவோ செத்துப்போச்சு. கடைசியில இடுப்புல கையை வச்சுக்கிட்டு, ஐயா, இது பழைய உருண்டை பின்னு, ஓடும்போது கழட்டிட்டா திருப்பி மாட்டினாலும் இதுக்கு அடையாளம் தெரியாது, அணைச்சுப் போட்டாத்தான் தெரியும்னாரு. அணைச்சா அந்தச் சீட்டாட்டம் இருக்குமான்னேன். என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. இருக்காதுங்க ஐயா, வேணும்னா புது ஆட்டம் போட்டுத் தர்றேன்னாரு. உன் வீட்டு ஆட்டத்தைக் கொண்டு போய் நீ ஆடுய்யான்னு டீயைக் குடுத்து அனுப்பிட்டேன்.

அப்புறம் என்ன பண்ணேன்னு கேட்டா சிரிப்ப. கடைக்குப் போயி ஒரு சீட்டுக்கட்டு வாங்கிட்டு வந்து, திரையைப் பாத்துப் பாத்து மேசையில அதே மாதிரி அடுக்கினேன். அவ ஆட்டத்தை நான் முடிச்சுட்டா அணைக்கலாமேன்னு ஒரு கணக்கு. திறந்து கிடந்த சீட்டெல்லாம் சரியா வந்துடுச்சு. கவுந்து கிடக்குறது என்னென்ன சீட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும், அது அந்தப் பொட்டிக்கு மட்டும்தான் தெரியும். கையில மிச்சக் கட்டை வச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தேன். சாப்பிடக்கூட எந்திரிக்கல.

நீ கேட்டுக்கிட்டே இருந்திருந்தா இன்னும் நாலு சாக்கு சொல்லி இழுத்திருப்பேன். போன வாரம் நீ கேக்கல. நானா பேச்சை எடுத்தப்ப, பரவாயில்லப்பா, இருக்கட்டும்னுட்ட. அந்த இருக்கட்டும் உங்கம்மா சொல்ற இருக்கட்டும். அவ கத்தினா நான் பயப்பட மாட்டேன், இருக்கட்டும்னு சொன்னாத்தான் பயப்படுவேன். அன்னிக்குப் பூரா அது காதுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவ ஆட்டத்தை நான் வச்சுக்கிட்டு, அவ முகத்தை உனக்குக் குடுக்காம இருக்கேனேன்னு தோணுச்சு. மறுநாளே மாஸ்டரை வரச் சொன்னேன்.

மவுஸும் கீபோர்டும் இல்லாம ஒழுங்கா அணைக்க முடியாது, முன்னாடி இருக்குற பட்டனை அமுக்கணும்னாரு. சும்மா தொட்டா அணையாதாம், அமுக்கிப் பிடிச்சுக்கணுமாம், விடவே கூடாதாம். நான் அமுக்கட்டுமா ஐயான்னு கேட்டாரு. வேணாம்யா, அவ திட்டுனா என்னைத்தான் திட்டணும், உன்னை ஏன் திட்டணும்னுட்டு நானே குனிஞ்சேன். லிஃப்ட்ல எத்தனை பேரை ஏத்தி இறக்கியிருக்கேன், ஒரு பட்டன் இவ்வளவு கனமா இருந்ததில்லம்மா. பிடிச்சுக்கிட்டே இருந்தேன். சீட்டெல்லாம் ஒண்ணா மறைஞ்சு போச்சு.

மாஸ்டர் பொட்டியைத் திறந்து, பழக்கதோஷத்துல கன்னத்தை உப்பினவரு, என் மூஞ்சியைப் பாத்துட்டு ஊதல, துணியால மெதுவா துடைச்சாரு. பென் டிரைவைச் சொருகத்தான் அதுல ஓட்டை இல்லையே, ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டுப் போயி அவர் கடையில போட்டோவை எல்லாம் இந்தப் பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்தாரு. நான் பாத்தேன். முகம் நல்லாத் தெரியிறது கொஞ்சம்தான். மத்ததுல எல்லாம் நான் கேமராவைத் தூக்கினதும் போதும் போங்கன்னு கையை நீட்டியிருக்கா, கைதான் பெருசாத் தெரியும். கைதானேன்னு அதையெல்லாம் அழிச்சுடாத. முகம் தெரியிற படத்தைப் பெருசாப் போட்டு வாண்டு கண்ணுல படுற மாதிரி மாட்டு.

மாப்பிள்ளையை நான் கேட்டதாச் சொல்லு, தொப்பையைக் குறைக்கச் சொல்லு, என்னுது வேற கணக்கு. நேரத்துக்குச் சாப்பிடு. தனியா உக்காந்து அழாத, அழுகை வந்தா எனக்குப் போன் போடு, சேந்து அழுதுட்டு வைப்போம். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும், அம்மாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

ஒண்ணே ஒண்ணு மறந்துடாத. அந்தக் கம்ப்யூட்டர் அணைஞ்ச பிறகுதான் அது இத்தனை நாளா மேசைக்கு அடியில உர்ருன்னு ஓடிக்கிட்டு இருந்ததே என் காதுக்குத் தெரிஞ்சுது. வீடு இப்ப ரொம்ப அமைதியா இருக்கும்மா. எங்கிட்டப் பேசும்போது சத்தமா இருக்குன்னு கதவைச் சாத்திக்கிட்டு தனி ரூமுக்குப் போறியே, அது இனிமே வேணாம். மிக்சி ஓடட்டும், வாண்டு கத்தட்டும், மாப்பிள்ளை தும்மட்டும். பேச ஒண்ணுமில்லைன்னாலும் போனை அடுப்படியில வச்சுட்டு உன் வேலையைப் பாரு. நான் இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வாலு குறையாத
அப்பா