மீனுக்குக் கட்டின பங்கர்

புவனேசு,

நீர் கோயிலால் வரமுன் நான் பொலிசுக்குப் போய்விடுவேன். யாரும் பிடிக்கவில்லை; நானாகத்தான் போகிறேன். கட்டுகஸ்தோட்டைக் கடையில் பளீல் நானா காதுக்குள் கேட்டார்: "மாஸ்டர், ஒங்கட ஊட்டுல பங்கர் கட்டுறீங்களாமே? பொலிசுக்கும் கதை போயிருக்காம்."

ஆற்றுக் கல்லும் மண்மூட்டையும் நான் சுமந்ததைத் தெருவே பார்த்ததுதான். கண்ணாடித் தொட்டிக்குள் கல்லுக் குகை இல்லாவிட்டால் இந்த ஆபிரிக்க மீன்கள் ஒன்றையொன்று அடித்துச் சாகும். "மீனுக்குப் பங்கர் கட்டுறன்" என்று உமக்கு மட்டும்தான் பகிடியாகச் சொன்னேன். எங்கள் குசினிக்கும் உம்முடைய தம்பி செல்வரத்தினத்தின் வாய்க்கும் இடையில் ‘மீனுக்கு’ என்ற சொல் எங்கே விழுந்தது? யாழ்ப்பாணத்தார் வீட்டில் பங்கர் என்றால் இந்தச் சண்டை நாளில் குண்டுக்குப் பதுங்குகிற குழியை விட்டு யார் மீனை நினைப்பார்கள்?

சாட்சிக்கு நீல மீனை ஜாம் போத்தலில் கொண்டு போகிறேன். வானொலியில் செய்தி தொடங்கினதும் குகைக்குள் ஓடுகிறவன் அவன். பொலிசில் வானொலி இருந்தால் செய்து காட்டுவான்.

புட்டுச் சாப்பிட்டேன். உப்பில்லை. மறதிதானா என்று யோசிக்கிறேன்.

தம்பி வந்தால் தேத்தண்ணி கொடும். கதை கொடுக்க வேண்டாம்.

தாளின் கீழே கொஞ்சம் இடம் கிடக்கிறது: மஞ்சள் பெட்டை மீனுக்குச் சாப்பாடு போட வேண்டாம். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பட்டினி கிடந்தும் வாய் திறக்காமல் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் கொஞ்சநேரம் இரும்.

இருட்டியும் நான் வராவிட்டால் மட்டும் நீர் வாயைத் திறவும். பளீல் நானாவைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு வந்து முழு வசனத்தையும் சொல்லும். ‘மீனுக்கு’ என்பதையும் சேர்த்து.