தொலைந்துபோகாத பன்னிரண்டு பேர்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
3.7.2007, செவ்வாய்

அக்கா மகள் மணிமொழிக்கு, வேங்கிக்கால் ஜெராக்ஸ் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமான ஆதிமூலம் ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை மணியம்மாள், உன் அம்மா பொன்னி எல்லோரும் சுகம். மலையும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது, இன்று காலைகூடப் பார்த்தேன். நீயும் மாப்பிள்ளை செழியனும் அமெரிக்காவில் சுகமாக இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். இல்லையென்றால் ஒரு வரி எழுது, கடையைப் பூட்டிவிட்டு நீந்தியாவது வந்து சேருகிறேன்.

நீ படிக்கிற இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் இங்கே ஏகப் பிரசித்தம். படிக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி பாடத்தைத் திட்டம் போட்டு அமைக்கிற படிப்பு என்று நீ சொன்னாய் அல்லவா, அதை நான் லேசாக மெருகேற்றி, இனிமேல் அமெரிக்காவில் எந்த வாத்தியாரும் எங்கள் மணிமொழி கையெழுத்துப் போடாமல் வாயைத் திறக்க முடியாது என்று கலெக்டர் ஆபீஸ் எதிர் டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே டீ ஆற்றுகிறவர் இப்போதெல்லாம் எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி போடுகிறார். உன் அம்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு சந்தேகம், கட்டடமே இல்லாத காலேஜாமே, எல்லாம் இன்டர்நெட்லயேவாம், அப்போ வாத்தியாருக்குக் கோவம் வந்தா எங்க வெளிய நிக்க வைப்பாருனு கேட்கிறாள். இதற்குப் பதிலை நீயே எழுது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ‘கிரிவலக் கூட்டத்தில் பிரிந்துவிட்டால்’ என்று நீ ஒற்றைத் தாளில் எழுதி மெயிலில் அனுப்பிய பாடத்தை, பௌர்ணமிக்கு வருகிற பன்னிரண்டு பேரிடம் கொடுத்து, கூடவே நடந்து, வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது உன் உத்தரவு. முதல் தடவை நீ கொடுத்ததை, அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு மனுஷராவது பயன்படுத்திப் பார்த்தாரா என்று கேட்டு உன் பேராசிரியை திருப்பிவிட்டதும், இதுவும் திரும்பினால் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று நீ போனில் அழுததும் உன் அம்மா மூலமாக எனக்குத் தெரியும். மாமா, ஒண்ணும் சேக்காதீங்க, கம்மியும் பண்ணாதீங்கனு நீ சொன்னாயே, பிறந்தது முதல் எதையும் இருக்கிற அளவில் சொல்லிப் பழகாத என்னிடம் போய்! சரி, என் மருமகளுக்காக அதையும் செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதைப் பிற்பாடு சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலையே திதி முடிவதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அத்தையின் அண்ணன் வேடியப்பன் ஒரு வேனில் பத்து பேரைக் கொண்டுவந்து இறக்கினார், அவரும் அந்தப் பத்தில் ஒருவர். உன் அம்மாவும் அத்தையும் சேர்ந்து கணக்குப் பன்னிரண்டு. கோபுரத்தடியில் தாளைக் கொடுத்துப் படிக்க வைத்தேன், வேடியப்பன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை உரக்கவும் படித்தார். முதல் வரி, வழி தவறியவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கவும். இரண்டாவது, உடன் வந்தவர்கள் தேடி வருவார்கள். மூன்றாவது, அரை மணி நேரத்தில் வராவிட்டால் பக்கத்து லிங்கத்தின் வாசலில் போய் நிற்கவும். எல்லோரும் தலையாட்டினார்கள். புரியாதவர் ஒருவர்கூட இல்லை. எம லிங்கத்தைத் தாண்டுவதற்குள் ஏழு பேர் உன் பாடத்தில் விபூதி மடித்து இடுப்பில் செருகிவிட்டார்கள். இதில் நான் எதுவும் சேர்க்கவில்லை, எண்ணினேன், ஏழு.

நிருதி லிங்கத்துக் கூட்டத்தில் உன் அம்மா சாமி கும்பிட உள்ளே போனாள், உன் அத்தை சுக்கு காப்பிக்கு ஒதுங்கினாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஆகா, பரீட்சை ஆரம்பம் என்று நான் பேனாவைத் திறந்தேன். ஒருத்தர் நின்றிருக்க வேண்டுமே! அத்தனை பேரும் அத்தனை பேரைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். உன் அத்தை வந்த வழியே எம லிங்கத்துக்குத் திரும்பி நடந்திருக்கிறாள், உன் அம்மா முன்னால் ஓடி இரண்டு மணி நேரம் கழித்துக் குபேர லிங்கத்தருகில் என் கையில் சிக்கினாள். தாளைப் படிச்சும் ஏன்கா நிக்கலனு கேட்டேன். நான் எங்கடா தொலைஞ்சேன், நான் ரோட்லதானே இருக்கேன், தொலைஞ்சது உன் பொண்டாட்டி, அவளப் போய்க் கேளுன்றாள். போய்க் கேட்டால் அவள், ஐயோ, அண்ணியத்தாங்க காணோம், நான் இன்னா சின்னக் கொழந்தையா தொலையறதுக்குனு என்மேலேயே பாய்கிறாள். இப்படிப் பதினொரு பேர், பதினொரு பேரும் தொலையவில்லை, மற்றவர்கள்தான் தொலைந்தார்கள். நின்ற இடத்தில் இருந்தவர் வேடியப்பன் சம்சாரம் கன்னியம்மாள் ஒருவர்தான். பாய்ந்து போய்க் கையைக் குலுக்காத குறையாக விசாரித்தேன். தாளா, எந்தத் தாளு, முட்டி வலிச்சுது, குந்திட்டேன் என்றார்.

இவ்வளவையும் எழுதினால் நீ படிப்பை விட்டுவிடுவாயே என்ற பயத்தில், ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து, நடந்தவர்களிடம் ஆளுக்கொன்றாக நீ எழுதி வாங்கச் சொன்ன பன்னிரண்டு கருத்துத் தாள்களையும் நானே நிரப்பினேன். அடடா, என்ன எழுத்து அது! இந்தப் பாடத்தைப் படித்ததும் என் கண் திறந்தது, சிலை போல நின்றேன், ஐந்தே நிமிடத்தில் உறவினர் வந்து சேர்ந்தனர் என்று பன்னிரண்டு விதமான கையெழுத்தில், இரண்டில் பிழை வேறு வேண்டுமென்றே விட்டு. சாகிலின் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணக் கிளம்பும்போது உன் அம்மா எதிரே வந்தாள். வாங்கிப் படித்தாள்.  பிறகு கேட்டாள், ஏன்டா, உன் புளுக நம்பி அவ ஒரு தாள் அடிச்சு, அதை நம்பி எவனாவது நெஜமாவே கூட்டத்துல கொழந்தைய விட்டுட்டா இன்னா பண்ணுவ?

பன்னிரண்டையும் அவளே கிழித்தாள். புதுத்தாளை என் முன்னால் வைத்து, எழுதுடா, பொன்னி தொலைஞ்சுட்டானு எழுது, ரெண்டு மணி நேரம் தொலைஞ்சு போனா, தாளு கையில இருந்தும் நிக்கல, என் பேர் போட்டே எழுதுன்றாள். நீதான் தொலையலையேக்கா என்றேன். தொலையலதான், ஆனா எம்பொண்ணு பாஸாவணும்னா தொலைஞ்சவளாவே இருந்துட்டுப் போறேன், உனக்கின்னா என்றாள். அந்தத் தாள்தான் உன் கைக்கு வருகிற முதல் தாள். பிறகு, இன்னொண்ணும் எழுது என்றாள். வழி தவறியவங்க நில்லுங்கனு போட்டா எவ நிப்பா, உங்க ஆளுங்களக் காணோமா, அப்போ நீங்க நில்லுங்க, அவங்க வருவாங்கனு போடச் சொல்லு, நான் கட்டாயம் நின்னுருப்பேன் என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் நின்றிருப்பார்கள். அப்புறம், அந்த வரியைத் தாளின் பின்பக்கமும் பெரிதாகப் போடு, விபூதி மடித்தாலும் வெளியே தெரியட்டும். இது என் யோசனை, இதற்கு மட்டும் என் பெயரைப் போட்டுக்கொள்.

எல்லோரையும் திரும்பக் கேட்டு எழுதிய பன்னிரண்டு தாளோடு பதின்மூன்றாவதாக ஒன்றும் இருக்கும், எண்ணிக்கை தப்பென்று நினைக்காதே. அது யாருடையது என்றால், அன்றைக்கு வேடியப்பன் தகவல் மையத்துக்குப் போய், ஜெராக்ஸ் கடை ஆதிமூலத்தைக் காணவில்லை, எங்கிருந்தாலும் அங்கேயே நிற்கவும் என்று மைக்கில் மூன்று முறை சொல்ல வைத்துவிட்டார். மலையைச் சுற்றியிருந்த லட்சம் பேரும், சரி சரி, ஒலிபெருக்கி கேட்கிற தூரத்தில் இருந்தவர்கள், கேட்டார்கள். உன் பாடத்தை நாற்பது தடவை படித்த நான், எவன்டா தொலைஞ்சதுனு கேட்டுக்கொண்டே ஓட்டமாக ஓடினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றாயே, இதை இன்றே சாகில் அனுப்பிவிடுவார், வந்தது என்று ஒரு வரி பதில் போடு, உன் அம்மா அதுவரை சாப்பாட்டில் உப்பு போட மறந்துகொண்டே இருப்பாள். வேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்காராதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பாடம் திரும்பி வந்தாலும் வரட்டும், படிப்பை விடாதே, இன்னொரு பௌர்ணமி வருகிறது, தொலைவதற்கு இங்கே பன்னிரண்டு பேர் தயாராக இருக்கிறோம், இல்லை, பதின்மூன்று. அண்ணாமலையார் உன்னையும் மாப்பிள்ளையையும் நூறாண்டு நன்றாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
பதின்மூன்றாவது தாளுக்குச் சொந்தக்காரன்,
உன் மாமன் ஆதிமூலம்