அந்தப் போனுக்குக் காத்திருக்காதே

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா, தங்கச்சி, நான், என் இடுப்பு வலி நாலு பேரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன், அது நன்றாக இருந்தால் நீயும் நன்றாக இருப்பாய். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி சொன்னால் இரண்டு மடங்காக்கிச் சொல்வாள். போன வாரம் ஒரு அடுக்குமாடி வீட்டில் லிஃப்டைச் சரிபார்த்துவிட்டு அதிலேயே இறங்கினேன், நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும், கருவிப் பை மேல்மாடியில். வேறு வழியில்லாமல் அவசரப் பொத்தானை அழுத்தினேன். எங்கள் ஆபீஸ் பெண் எடுத்தாள், என் குரல் அவளுக்குப் பிடிபடவில்லை, பதறாதீங்க சார், எங்க மெக்கானிக் அந்த பில்டிங்லயேதான் இருக்காரு, இப்ப அனுப்பிடுறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். உடனே என் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தால் அவளேதான், அண்ணே, ஒரு பெரியவரு லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு, குரலே நடுங்குது, கொஞ்சம் சீக்கிரம் போங்க என்றாள். சரிம்மா, பாத்துக்குறேன் என்றேன், வேறென்ன சொல்வது. கடைசியில் காவலாளி வந்து சாவி போட்டுத் திறந்துவிட்டார். இத்தனை வருஷ சர்வீஸ்ல இன்னைக்குத்தான் அப்பாவுக்குக் கஸ்டமரோட கஷ்டம் புரிஞ்சிருக்கு என்கிறாள் உன் தங்கச்சி. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிவிட்டது, அதனால் மானம் போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

தங்கச்சிக்கு மருந்துக் கடை வேலை பிடித்துப்போய்விட்டது, வீட்டில் யார் தும்மினாலும் மாத்திரை பேர் சொல்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஊர்ல உள்ள லிஃப்டை எல்லாம் சரிசெய்றீங்க, இந்தக் குழாயை யாரு பாக்குறது என்று அம்மா கேட்கிறாள், குழாய் என் டிபார்ட்மெண்ட் இல்லை என்று தப்பித்துக்கொண்டிருக்கிறேன். கீழே முடிவெட்டும் கடைக்காரர், நீ கமெண்ட்ரி என்று பேர் வைத்தாயே, அவர் தினமும் உன்னை விசாரிக்கிறார். இந்தத் தடவை நாட்டு அணிப் பட்டியலிலும் உன் பேர் வராததை அவர்தான் முதலில் பார்த்தார். என்னைக் கண்டதும் டிவியை அணைத்துவிட்டு, அடுத்த லிஸ்ட்ல கண்டிப்பா வருவான், நீங்க உக்காருங்க, தாடியை எடுத்துவிடுறேன் என்றார். அன்று எனக்குத் தாடியே இல்லை. கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் உன்னிடம் போனில் என்ன சொன்னார்கள் என்று அம்மா சொன்னாள், ரெடியா இரு தம்பி, அடுத்த தடவை கூப்பிடுவோம் என்றார்களாம். அதை நம்பித்தான் நீ முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறாய், ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று உன் கிளப் டாக்டர் சொன்ன பிறகும் ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறாய், படுத்துக் கிடக்கிற நேரம் பார்த்து அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டாயாம். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்கிறேன் என்றுதான் இருந்தேன், உன் அம்மா விடவில்லை, போன்ல சொன்னா பாதியில ஜோக் அடிச்சு மழுப்பிடுவீங்க, எழுதுங்க என்றாள். தன் நாட்டை விட்டு வந்த இத்தனை வருஷத்தில் நம் மொழியை மட்டுமா படித்தாள், என்னையும் சேர்த்துப் படித்துவிட்டாள்.

நீ இங்கே இருந்தவரை உன்னை அம்மா ஊர்க்காரன் என்றார்கள். மீசை முளைக்கும் முன்னே அம்மா நாட்டில் இருக்கிற மாமா வீட்டுக்கு அனுப்பி அந்த ஊர் கிளப்பில் சேர்த்தோம், அங்கே போனதும் அப்பா ஊர்க்காரன் என்றார்கள். உன்னை உள்ளூர்க்காரன் என்று சொன்ன புண்ணியவான் எந்த ஊரிலும் இல்லை. அப்புறம் ஒரே வருஷத்தில் இரண்டு நாடும் எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று வந்து நின்றன. அம்மா நாட்டுக் கோச் மாமா வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போனார். நீ எங்களைக் கேட்டாய், அம்மா, உனக்கு எந்தச் சட்டை பொருந்துதோ அதைப் போட்டுக்கோ கண்ணா என்றாள், நான் வழக்கம்போல யோசிச்சு செய் என்றேன், அதற்கு ஒரு அப்பா தேவையா. நீயேதான் முடிவெடுத்தாய், நம்ம தெருவுல ஒரு தடவை நம்ம நாட்டுச் சட்டையோட நடக்கணும்ப்பா என்றாய். தகுதிச் சுற்று ஆட்டம் முடியப் போகிற நேரம், நாம் ஏற்கெனவே ஜெயித்த மாதிரிதான், அப்போது உன்னை இறக்கினார்கள். பந்து உன் காலுக்கு ஒரு தடவைதான் வந்தது, கோட்டைத் தாண்டிப் போக இருந்ததை எட்டித் தடுத்துத் திருப்பிக் கொடுத்தாய். கமெண்ட்ரி அந்த ஒரு பந்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார், சொல்லச் சொல்ல அது கோலுக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டே வருகிறது, இன்னும் கொஞ்ச நாளில் உள்ளேயே போய்விடும். அன்று உன் அம்மா, தன் நாடு இல்லை என்று தெரிந்தும், டிவிக்கு முன்னால் எழுந்து நின்று அழுதாள். அதோடு சரி, அப்புறம் உன்னை அவர்கள் கூப்பிடவே இல்லை. உன் வயதில் ஒரு தடவை இறங்கிவிட்டால் இனி வேறு நாட்டுக்கு ஆட முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது அம்மாவின் நாடு பெரிய போட்டிக்குப் போகிறது, அவர்களிடம் இடது பக்கத் தடுப்புக்குச் சரியான ஆள் இல்லையாம், அந்தப் பையன் நம்மகிட்ட இருந்திருந்தா என்று அந்தக் கோச் பெருமூச்சு விட்டதாக மாமா போனில் சொன்னார், சொல்லிவிட்டு, மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க என்றார். நான் என்னத்தைத் தப்பாக எடுத்துக்கொள்வது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை கால்பந்துச் சங்கக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடவில்லை என்று என்னை அனுப்பினார்கள். கதவை இழுக்கிற உருளை தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டு ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் இரண்டு பேர் ஏறினார்கள், கோட்டுப் போட்டவர் ஒருத்தர், கையில் போனை வைத்துக்கொண்டு ஒருத்தர். ஓடுதாப்பா என்றார்கள், ஓடுது சார், டெஸ்ட்தான், மெதுவா போகும் என்றேன். போன்காரர் ஏதோ செய்தியைப் பார்த்துவிட்டு, பாத்தீங்களா சார், அவங்களுக்கு லெஃப்ட் சைடுல ஆளே இல்லையாம் என்றார். கோட்டுக்காரர் சிரித்தார், எப்படி இருக்கும், அந்த வெளிநாட்டுக்காரி பையனைத்தான் நாம அன்னைக்கே இறக்கிட்டோமே என்றார். நான் திருப்புளியைப் பிடித்தபடியே நின்றேன். சரி, அவனை எப்பத்தான் எடுக்கப்போறீங்க என்று போன்காரர் கேட்டார். எடுக்குறதா, அந்த இடத்துல கேப்டன் ஆடுறாரு, அவரை யாரு நகத்துறது, இவன் பூட்டி வெச்ச சைக்கிள் மாதிரிய்யா, நாம ஓட்டாட்டியும் பரவாயில்ல, அடுத்தவன் ஓட்டக் கூடாது, அதுக்குத்தான் இறக்கினது என்றார். பாவம், அவன் இன்னும் போன் பண்ணிட்டே இருக்கான் சார் என்றதற்கு, பண்ணட்டும், ரெடியா இருன்னு சொல்லு, காசா பணமா என்றார். என் கழுத்தில் தொங்குகிற கம்பெனி அட்டையில் என் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, உன் சட்டை முதுகில் இருக்கிற அதே பேர். அவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். என்னவோ நான்தான் திருடன் மாதிரி.

அதனால் சொல்கிறேன், அந்தப் போனுக்குக் காத்திருக்காதே. அது வராது. இதை எழுதும்போது இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், மூன்றாவதில் இப்படி வெட்டென்றுதான் வருகிறது, மன்னித்துக்கொள். உன் ஆட்டத்தில் குறை இருந்து கூப்பிடாமல் இருந்தால் உழைத்துச் சரிசெய்யலாம், இதில் நீ சரிசெய்ய ஒன்றும் இல்லை, அதுதான் கண்ணா எனக்கு ஆறவில்லை. வீட்டில் அந்தச் சட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறோம், கழற்றிவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன், அது அவன் வேர்த்த சட்டை, இருக்கட்டும் என்றாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன், வெளிநாட்டுக்காரி என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன், நீயும் அதை அவள் காதில் போடாதே. உடனே டாக்டரிடம் போய் ஆபரேஷனுக்கு நாள் வாங்கு, மாமாவைக் கூட்டிக்கொண்டு போ, இந்தக் கோபத்தை அவர்மேல் காட்டாதே, அவர் உன்னைத் தன் பிள்ளையாகத்தான் வைத்திருக்கிறார். ஊசி போட்டுக்கொண்டு ஆடுவதை இன்றோடு நிறுத்து. அழ வேண்டும் என்று இருந்தால் அழுதுவிடு, அதையும் ஆபரேஷன் மாதிரித் தள்ளிப் போடாதே. ஆபரேஷன் அன்றைக்கு அம்மா அங்கே இருப்பாள், எனக்கு லீவு கிடைத்தால் நானும் வருவேன், கிடைக்காவிட்டாலும் வருவேன். நீ எந்தச் சட்டை போட்டாலும், ஒரு சட்டையும் போடாமல் பனியனோடு வீட்டில் கிடந்தாலும், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீண்ட ஆயுளோடு, வலியில்லாத காலோடு நன்றாக இருக்க வேண்டும், முதலில் நட, ஓடுவதை அப்புறம் பார்க்கலாம். ஆபரேஷன் என்றைக்கு என்று மறக்காமல் எழுது.

அன்று லிஃப்ட் கீழே போய்ச் சேரும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரே ஒரு வரிதான், சொல்லவில்லை. அவ்வளவையும் காதால் கேட்ட பிறகும், நாம் ஏதாவது பேசிவிட்டால் நிஜமாகவே கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்று ஒரு நப்பாசை. கதவு திறந்ததும் தேங்க்ஸ்ப்பா என்று சொல்லிவிட்டுப் போனார்கள், நான் தலையை ஆட்டினேன். அங்கே விழுங்கியதை இங்கே கையெழுத்தாகப் போடுகிறேன்.

நான்தான் சார் அவனோட அப்பா.