முப்பத்தாறாவது ஓட்டு

இன்று காலை அலங்காநல்லூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நின்றிருந்தேன். கடலை எண்ணெயில் வடை வேகும் வாசனை ஆளைத் தூக்கியது. பக்கத்தில் நின்றவர் கடைக்காரரிடம், “உளுந்த வட இருந்தா ரெண்டு குடுங்கண்ணே. இல்லையா, பருப்பு வட. அதுவும் முடிஞ்சிருச்சா, டீ மட்டும் போதும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். செத்துப்போன சிநேகிதன் ஒருவன் இதே வடையை வைத்து எனக்குத் தேர்தல் பாடம் எடுத்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் இரண்டு பொங்கல் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு கேவலத்தைச் சொல்லியாக வேண்டும். பாதி உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் மனசு ஆறும்.

நம் கண்மாய்ப் பாசன சங்கத்தில் தொண்ணூறு பேர். மடைக்குப் பக்கத்தில் நிலமுள்ள தலைமடைக்காரர்கள், அதாவது என் சொந்தபந்தங்கள், ஐம்பத்தைந்து. வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் இருக்கும் கடைமடைக்காரர்கள், உன் ஆட்கள், முப்பத்தைந்து. உங்கள் தாத்தாமார் எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். நீங்கள் கொத்து வேலை பார்த்தும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தும் ஆளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கினீர்கள். உங்களுக்கு விற்க முன்வந்ததெல்லாம் கடைசிக் காடுகள்தான்.

கமிட்டிக்கு ஐந்து பேர். ஓட்டுச் சீட்டில் ஒவ்வொருவரும் ஐந்து பெயர் வரை டிக் போடலாம். நாங்கள் ஐம்பத்தைந்து பேரும் முதல் நாளே பேசி வைத்துக்கொண்டு ஒரே ஐந்து பெயருக்குப் போடுவோம். ஐந்து இடமும் எங்களுக்கே வரும். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை எழுதுவது அந்த ஐந்து பேர்தான். உங்கள் முறை வருவதற்குள் கண்மாயில் சேறுதான் மிஞ்சும். தலைவர் என் சித்தப்பா, செயலாளர் நான். “தேர்தல் வச்சுத்தானப்பா ஜெயிக்கிறோம், திருடியா ஜெயிக்கிறோம்?” என்பார் அவர். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நீ டவுன் பஸ் கண்டக்டர். நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பஸ்ஸுக்குள் நான் உனக்கு ‘மாப்ள’. நம் ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் ‘செக்ரட்டரி அண்ணே’. யாரும் சொல்லாமல் நீயே அப்படி மாற்றிக்கொள்வாய். ஏன்டா இப்படி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் நீயே கமிட்டிக்கு நின்றாய். மாட்டுத்தாவணி தாண்டிக் கூட்டம் குறைந்ததும் என் பக்கத்தில் வந்து சாய்ந்து நின்றாய்.

“அஞ்சு டிக்குல ஒண்ணு எனக்குப் போடு மாப்ள. ஜெயிக்கிறதுக்கு இல்ல. தலமடையில ஒரு ஆளாவது நம்மள மதிக்கிறான்னு எங்க ஆளுகளுக்குக் காட்டணும்.”

“இதக் கேக்கணுமாடா? போடாம இருப்பனா?” என்றேன்.

சமுதாயக்கூடத்து மூலையில் தடுப்புத் துணிக்குப் பின்னால் பென்சிலோடு நின்றபோது எனக்கு வேர்த்துவிட்டது. உனக்கு ஒரு டிக் போட்டால் எங்கள் ஆள் ஒருவனுக்கு ஐம்பத்துநாலுதான் விழும். எவன் அந்த ஒருவன் என்று சித்தப்பா பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிடுவார். ஐந்து டிக்கையும் எங்கள் ஆட்களுக்கே போட்டேன். அதோடு விட்டேனா? வெளியே நின்றிருந்த உன் காதருகே வந்து, நீ கேட்காமலேயே, “போட்டாச்சு மாப்ள” என்று சொன்னேன்.

எண்ணி முடித்துக் கரும்பலகையில் எழுதினார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் ஐம்பத்தைந்து. உனக்கு முப்பத்தைந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்குகிற கணக்கு. நீ பலகையைப் பார்த்தாய், என் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் பஸ்ஸில் டிக்கெட்டை நீட்டி, “கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்கண்ணே” என்றாய். பஸ்ஸுக்குள் நீ என்னை அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் சில மாதம் கழித்துத்தான் இந்த டீக்கடையில் அந்த வடைப் பாடம். டிக் வேண்டாம், பெயருக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை போடுவோம் என்றாய். தொண்ணூறு பேரில் பதினாறு பேர் சேர்ந்தால் ஒரு இடம், ஆறாவது ஆளுக்குப் பதினாறு மிஞ்சாது. ஒருவருக்குப் பதினாறுக்கு மேல் விழுந்த மிச்சம் சீட்டில் உள்ள அடுத்த எண்ணுக்குப் போகும். கடைசியில் இருப்பவர் கழிந்தால் அவருடைய சீட்டுகளும் அடுத்த எண்ணுக்குப் போகும். யாருடைய ஓட்டும் வீணாகாது.

“உளுந்த வட இல்லேன்னா பருப்பு வட குடுன்னு சொல்றோம்ல, அம்புட்டுத்தான். வட இல்லேன்னு பட்டினியாவா போறோம்?” என்றாய். “ஜனாதிபதியவே இப்படித்தான் எடுக்குறாக. ராஜ்யசபைக்கு எம்.எல்.ஏ. எல்லாம் இப்படித்தான் நம்பர் போடுறாக. அவுகளுக்கு ஒரு ஞாயம், நம்ம கண்மாய்க்கு ஒரு ஞாயமாண்ணே?”

“நம்ம ஊர்ல இதெல்லாம் எடுபடாது” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எடுபடும் என்று தெரிந்துதான் எழுந்தேன். மூன்று கூட்டத்தில் மனுக் கொடுத்தாய். மூன்று தடவையும் ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதி ஃபைலுக்குள் செருகினேன். உன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு முப்பத்தைந்துதான் தெரிந்தது. அப்புறம் ஒரு நாள், வண்டியூர் டிரிப் முடித்து இறங்கிய இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் வீட்டு வாசலில் மாலையோடு நின்றேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனை நாள் கிடைத்தது! ஒரு நாளைக்கூட நான் அதற்குச் செலவழிக்கவில்லை.

சரி, இனி நல்ல சேதி.

போன வருடம் கண்மாயைத் தூர்வார மனு எழுதினோம். பாசனக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். உன் நிலம் உன் மனைவி பெயருக்கு மாறி, அவரும் இப்போது சங்கத்தில் உறுப்பினர். கூட்டத்தில் எழுந்து, “எங்களுக்கு வராத தண்ணிக்கு நாங்க எதுக்குக் கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார். உன் ஆட்கள் யாரும் பேனாவைத் தொடவில்லை. நான் எழுந்து ஃபைலுக்குள் கிடந்த உன் மனுவை எடுத்து வாசித்தேன்.

சித்தப்பா கையை வீசிச் சிரித்தார். “டிக்குப் போட்டா என்ன, நம்பர் போட்டா என்ன? அம்பத்தஞ்சு அம்பத்தஞ்சுதானடா. வச்சுட்டுப் போங்க.” அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் வருத்தப்படாத ஒரே கள்ளத்தனம் அதுதான்.

தேர்தலுக்கு முன்னால் டீக்கடையில் ஒத்திகை வைத்தோம். வடை, பஜ்ஜி, போண்டா, சுண்டல், இவைதான் வேட்பாளர்கள். போண்டா முதல் சுற்றிலேயே கழிந்துபோனது, கடைக்காரருக்கு அன்று முழுக்கக் கோபம். தலைமடைப் பெரியவர் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒன்றாம் நம்பரே போட்டு நீட்டினார். “ஒருத்தருக்கு ரெண்டு போட்டா மனசு சங்கடப்படாதாப்பா? எல்லாரும் வேண்டியவுகதான?” என்கிறார். போண்டாவுக்கும் பஜ்ஜிக்கும்! நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அவரைப் பிடித்து உட்கார வைத்து, ஒன்று ஒருவருக்குத்தான் என்று புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

தேர்தல் நாளில் அதே சமுதாயக்கூடம், அதே தடுப்புத் துணி. எங்கள் பக்கம் பழைய ஐந்து பேரும் நின்றோம். உங்கள் பக்கம் இரண்டு பேர், அதில் ஒருவர் உன் மனைவி. பென்சிலை எடுத்தேன். இந்தத் தடவை வேர்க்கவில்லை. போட்டேன், மடித்தேன், பெட்டிக்குள் விட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

முதல் எண்களை எண்ணிப் பலகையில் எழுதினார்கள். சித்தப்பாவுக்கு இருபத்தெட்டு. மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டார். உங்கள் ஆட்கள் இருவருக்கும் சேர்த்து முப்பத்தாறு. முதலில் அதைக் கவனித்தது சித்தப்பாதான்.

“கடமடையில முப்பத்தஞ்சு பேருதான? யார்ரா அந்த ஒருத்தன்?”

தலைமடைக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“நான்தான் சித்தப்பா. கண்டக்டர் வீட்டம்மாவுக்கு ஒண்ணு போட்டேன்.”

“கிறுக்குப் பிடிச்சிருச்சாடா ஒனக்கு? நீயே நின்னுக்கிட்டு அடுத்தவனுக்குப் போடுற?” என்று கத்தினார். எனக்கு விழுந்தது நாலே நாலு ஓட்டு. முதலில் கழிந்தது நான்தான், போண்டா மாதிரி. ஐம்பத்தைந்து பேருக்கு வேண்டியவன் என்று இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்திருக்கிறேன், பார்த்துக்கொள். நாலு என்று தெரிந்ததும் தோளிலிருந்து நெல் மூட்டையை இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

முடிவில் தலைமடைக்கு மூன்று, கடைமடைக்கு இரண்டு. சித்தப்பாவின் மிச்ச ஓட்டுகள் அடுத்த எண்களுக்குப் போனபோது, “என் ஓட்ட எங்கடா தூக்கிட்டுப் போறீக?” என்று கேட்டார். பிறகு விளக்கியதும் மீசையிலிருந்து கையை எடுத்தார். மனுவில் தொண்ணூறு கையெழுத்தும் விழுந்தது, தூர்வாரியாயிற்று. இந்தத் தடவை தண்ணீர் முறை உங்கள் பக்கத்திலிருந்து தொடங்கியது. தை பிறப்பதற்குள் உன் வயல் ஒன்றுக்கு மூன்று தடவை நிறைந்தது. எங்கள் வயல் ஒன்றும் காய்ந்துவிடவில்லை.

நாட்டுத் தேர்தலில் இன்னும் ஒரே ஒரு பொத்தான்தான். “நல்ல ஆளுதான், ஆனா அவருக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிரும்ல” என்று இந்த டீக்கடையில் தினமும் யாராவது சொல்கிறார்கள். பாதிப் பேருக்குப் பிடிக்காதவர் ஜெயித்து வந்து நிற்கிறார். அதைக் கேட்கும்போது நம் கண்மாய்க் கதையைச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் இன்னொரு டீ சொல்லிவிட்டுக் கேட்கிறார்கள்.

தேர்தல் முடிந்த வாரம் உன் வீட்டுக்குப் போனேன். அன்று உனக்கு ஓட்டுப் போடாமல் போட்டேன் என்று பொய் சொன்னதை உன் மனைவியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“அது அன்னிக்கே அவருக்குத் தெரியும்ணே. அன்னிக்கு அவரு சாப்பிடல. ரெண்டு நாள் கழிச்சு, ‘தப்பு அவன் மேல இல்ல, அந்தச் சீட்டு மேலதான். எனக்குப் போட்டா சித்தப்பனுக்குத் துரோகம், சித்தப்பனுக்குப் போட்டா எனக்குத் துரோகம்னு அவன நிக்க வச்சிருச்சு. ரெண்டு பேருக்கும் எடம் இருக்குற மாதிரி ஒரு சீட்டு இல்லாமயா போகும்’னாரு. அதுக்கப்பறந்தான் இந்த நம்பர் முறையத் தேடித் தேடிப் படிச்சாரு.”

உன் ஆட்களுக்காகத்தான் நீ அதைக் கொண்டு வந்தாய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பொய் சொல்லாமல் ஓட்டுப் போட எனக்கும் ஒரு வழி தேடியிருக்கிறாய். அதையும் மூன்று தடவை நான்தான் ஃபைலுக்குள் செருகியிருக்கிறேன். அந்த இடத்திலேயே அழுதேன். அவர் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

“‘மொத நம்பர அவன் சித்தப்பனுக்கே போடட்டும். எனக்கு ரெண்டு போட்டாப் போதும்’னு சொல்லிக்கிட்டே இருப்பாருண்ணே.”

பதவி போய்விட்டது, பொய்யும் போய்விட்டது. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு சீட்டின் நினைப்புதான். நீ இரண்டு கேட்டது எனக்குத் தெரியாது மாப்ள. நான் ஒன்று போட்டுவிட்டேன்.