ரேக்கில் என் செருப்பு

மார்ச் 3, திங்கள்
இன்றைக்கும் இரட்டை ஷிப்ட். குழந்தைகள் இல்லத்தில் பதினான்கு பெண் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. "ரெண்டு நாள் சமாளிங்கம்மா" என்றார் கண்காணிப்பாளர். அவருடைய இரண்டு நாள் மூன்று வாரமாக ஓடுகிறது.

வேலையை விடுகிறவர்கள் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதுதான் கிளம்ப வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் அழுவார்களாம்; இங்கே அதுதான் சட்டம். அதனால் இன்ஸ்பெக்டர் – நான் வைத்த பட்டப்பெயர்; ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை – பள்ளி விட்டு வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். வாசல் ரேக்கில் என் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால்தான் பையை இறக்குவாள்.

மார்ச் 5
பதினான்கு தலை பின்னி முதுகு ஒடிந்துவிட்டது. "உனக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றார் என் வீட்டுக்காரர். கேட்டதில் தப்பில்லை. பள்ளி அலுவலக வேலைக்கு நேர்காணல் போய் வந்ததை இல்லத்தில் யாருக்கும் சொல்லவில்லை.

மார்ச் 7
வார் அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு, மாடியில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். கீழே வந்தால் பள்ளி விட்டு எல்லாரும் வந்தாச்சு, இன்ஸ்பெக்டரை மட்டும் காணோம். தேடினால் கட்டிலுக்கு அடியில், முதுகில் பையோடு.

"நான் இங்கதான்டி இருக்கேன்!"

"செருப்பு இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

என்னை அழவைத்துவிட்டாள், போக்கிரி. இவளை விட்டுட்டு இதுவரைக்கும் எத்தனை பேர் போயிருப்பாங்க?

மார்ச் 10
பள்ளி வேலை கிடைத்துவிட்டது. ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஏன் சந்தோஷமே வர மாட்டேங்குது?

மார்ச் 12
கண்காணிப்பாளரிடம் பட்டென்று சொல்லிவிட்டேன். கூட ஒரு ஆள் வேண்டும், வாரம் ஒரு நாள் லீவு வேண்டும். இல்லாவிட்டால் போய்விடுவேன், பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

"மேல கேக்கணும்மா."

"கேளுங்க. திங்கட்கிழமை வரைக்கும் டைம்."

சொல்லிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 17, திங்கள்
வேலைக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள், வாரம் ஒரு நாள் லீவும் கிடைத்துவிட்டது! சின்னப் பெண், குழந்தைகளைப் பார்த்தே மிரள்கிறாள். பள்ளி அலுவலகத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் போனில் முதலில் சலித்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு லீவுதானே, எங்கயாவது போலாமா?" என்றார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: "நாளைக்கு வர மாட்டேன். புதன்கிழமை வந்துருவேன்."

யோசித்தாள். "அப்ப ஒரு செருப்ப வெச்சுட்டுப் போங்க."

"ஒண்ணு மட்டுமா?"

"இன்னொண்ண வெச்சு என்ன பண்ணுவீங்க? வந்துதானே ஆகணும்."

இல்லத்துக் குளியலறைச் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 19
காலையில் போனேன். ரேக்கில் என் ஒற்றைச் செருப்பு பத்திரமாக இருந்தது. பக்கத்திலேயே புதுப் பெண்ணின் செருப்பு, அதுவும் ஒற்றை. "இன்னொண்ணக் காணோம்க்கா" என்று அவள் இல்லம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தாள். நான் காட்டிக்கொடுக்கவில்லை.