கிரனாடாவுக்குப் போய் ஒன்பதாம் மாடிக்கு வந்தது

2009 மே 11, திங்கள். ஸ்காபரோ

எங்களுக்குச் செய்யப்பட்டது அநியாயம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், துவக்கோடு வந்த புலி இயக்கப் பொடியள். என் இரும்புக் கடை அப்படியே திறந்து கிடந்தது. அடுத்த கடைக்காரர் சச்சிதானந்தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்துக்கு முன் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, "அது அப்ப தேவைப்பட்டது நானா" என்றார், அண்ணன் முறை வைத்தே. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே கட்டடம். அவர் ஒன்பதாம் மாடி, நான் பன்னிரண்டு.

இன்று லிஃப்டில் சச்சியும் அவருடைய கூட்டாளி தியாகலிங்கமும். புலிகள் தோற்றுக்கொண்டிருக்கும் வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி நேற்று நெடுஞ்சாலையை மறித்த சனத்தோடு நின்றவர்கள்.

"என்ன நானா, உங்கட ஆக்களுக்கு இப்ப நல்ல சந்தோசமாக்கும்?" தியாகலிங்கம்தான்.

"என்ர கடையைத் தூக்கிக்கொண்டு வந்து தாரும். பிறகு சிரிச்சுக் காட்டுறன்."

சச்சி ஒன்பதாம் பொத்தானை அழுத்தினார். அவருடைய தங்கை சந்திரவதனா பிள்ளைகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருக்கிறாளாம். சித்திரைக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லையாம். மருமகள் ரிஸ்னா சொன்னாள். நான் கேட்கவில்லை.

மே 14

மகன் அர்ஷாத் வேலை விஷயமாக ஸ்பெயினுக்குப் போகிறான். "வாப்பா, நீங்க இங்க நிண்டா டீவியோடயே சண்டை பிடிப்பீங்க, வாங்க" என்கிறான். போகிறேன். எங்களைப் போல் துரத்தப்பட்ட முஸ்லிம்களின் நகரம் ஒன்று அங்கே இருக்கிறது, கிரனாடா. பார்க்க வேண்டும்.

மே 18, திங்கள். கிரனாடா

மலாகாவில் அர்ஷாத்துக்குக் கூட்டம். நான் தனியாக பஸ் ஏறி வந்தேன்.

என்ன எதிர்பார்த்து வந்தேன்? அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பழைய முஸ்லிம் தெருக்களில் வெள்ளைச் சுவர்கள், பூச்சட்டிகள். ஒரு கிழவர் பல்கனியில் காற்சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். 'யாருடைய வீட்டில் இருக்கிறாய்?' என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையசைத்தார். நானும் அசைத்துவிட்டேன். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

பிறகு மலையேறி அல்ஹம்ப்ரா அரண்மனை. சுவரெல்லாம் அரபு எழுத்து. ஒரே வரிதான், திரும்பத் திரும்ப. பள்ளிக்கூடத்தில் அரபு படித்தவனல்ல நான், எழுத்தைக் கூட்டிக் கூட்டி நானாகப் பழகியவன். வாசித்துவிட்டேன்: இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை. தோற்றுப்போன அரசர்களின் வீட்டுச் சுவரில்! இதை நம்பித்தான் எழுதினார்களா, அல்லது—

அப்போது தம்பி நிலாம் கொழும்பிலிருந்து அழைத்தான்.

"நானா, சண்டை முடிஞ்சிது! ரோட்டெல்லாம் வெடி கொளுத்துறாங்க, பாற்சோறு குடுக்கிறாங்க. இனி நாங்க யாழ்ப்பாணம் போகலாம்!"

பத்தொன்பது வருடம் இதைக் கேட்கத்தானே இருந்தேன்?

"வன்னிக்குள்ள நிண்ட சனம்?" என்றேன்.

"எந்தச் சனம்?"

போனை வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? தொண்ணூறில் எங்களைத் துரத்தியபோது யார் அப்படிக் கேட்டார்கள், 'எந்தச் சனம்' என்று? எல்லோரும்தான் கேட்டார்கள். சச்சியும்தான். பிறகு எனக்கென்ன வந்தது?

மே 19

"என்ன பாத்தீங்க வாப்பா?" என்று அர்ஷாத் கேட்டான். "சுவர்" என்றேன்.

மே 23, சனி. ஸ்காபரோ

சச்சியின் தங்கையைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் செத்தவீட்டுக்குப் போவார்கள், அது எங்கள் ஊர் வழக்கம். அழைப்பு வேண்டாம், மானம் போகாது. ஆனால் அங்கே செத்தவீடு இல்லையே. உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத வீட்டுக்கு நான் எந்த முறையில் போவது? போனால் அவள் செத்துவிட்டாள் என்று நானே சொன்னதாகிவிடாதா? ரிஸ்னாவிடம் கேட்டேன். "லிஃப்டில போனாச் சரி மாமா" என்றாள். கொழுப்பு.

மே 24, ஞாயிறு

படியால் இறங்கிப் போனேன். லிஃப்டில் யாராவது நின்று எங்கே போகிறீர் என்று கேட்டால்?

சச்சி கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம்.

"செத்தவீட்டுக்கெண்டு நான் வரேல்லை" என்றேன்.

"இது செத்தவீடு இல்லை நானா."

"அதுதான் வந்தன்."

உட்காரச் சொன்னார். 1990ஐ அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தொலைபேசி அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், என்ன செய்தியோ என்று பயந்து எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

இனிச் செய்ய வேண்டியவை:

சச்சி, எங்களைத் துரத்தியது பிழை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். இதை நான் விடமாட்டேன். இந்த மாதம் கேட்கவும் மாட்டேன்.

நிலாம், வெடி கொளுத்தினது போதும், வன்னிச் சனத்தை அடைத்திருக்கும் வவுனியா முகாம்களில் தேட வேண்டும். சந்திரவதனா, ஐம்பத்தெட்டு வயது, இடது புருவத்தில் வெட்டுக்காயம், கூட இரண்டு பெண் பிள்ளைகள். முடியாது என்றால் நானே போவேன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும்.

அர்ஷாத், சச்சியிடமிருந்து அவர்களின் படம் வாங்கி நிலாமுக்கு இன்றே அனுப்ப வேண்டும்.

தியாகலிங்கம் வாயை மூட வேண்டும்.

நான், பகலில் ஒன்பதாம் மாடியில் இருக்க வேண்டும். தொலைபேசி அடித்தால் எடுக்க அங்கே ஆளில்லை.