கை படாத டாக்டர்

அக்டோபர் 14

ஆடுகளுக்குப் பூச்சி மருந்து, ஒரு நாய்க்குத் தடுப்பூசி. வேறு வேலை இல்லை. பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்து டாக்டர் ஆன்டோ டீ குடிக்க வந்தார். இருபது வருட சர்வீஸில் தன் கையில் ஒரு மாடும் சாகவில்லை என்று பெருமை. எப்படிச் சாகும்? அவர் கை எந்த மாட்டின் மேலாவது பட்டால்தானே! கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சீட்டு எழுதிவிடுவார். பாதி மாடுகள் வண்டியிலேயே போய்ச் சேரும். அந்தக் கணக்கு அவருடையதில்லை.

மாட்டு டாக்டர் சட்டையில் ஒரு கறை இல்லை. அதுவே அசிங்கம்.

அக்டோபர் 17

அம்சத்தின் மாடு செத்துவிட்டது. என் கையில்.

அக்டோபர் 18

எழுதித்தான் ஆகவேண்டும்.

அம்சம் தெற்குத் தெரு. புருஷன் இல்லை. அந்த மாட்டுப் பாலை விற்றுத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று கூப்பிட்டாள். கையை உள்ளே விட்டேன். வழி இறுக்கமாக இருந்தது. கருப்பை வாய் இன்னும் திறக்கவில்லை என்று முடிவு கட்டி, வலி கூட்டும் ஊசி போட்டேன்.

ஆனால் விரலில் ஒரு மடிப்புத் தட்டியது. பிழிந்த துணி மாதிரி. தட்டியதுதானே? தட்டியது. கருப்பையே முறுக்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஊசி போட்டால் கிழிந்துவிடும். கல்லூரியில் மெடல் வாங்கிய இந்த மேதைக்கு இது தெரியாதா? தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "சந்தேகமா இருக்கு, இன்னொரு தடவை பாக்கறேன்" என்று சொல்ல எனக்கு வெட்கம். கேவலம், வெட்கம்!

கிழிந்தது. மாடு கன்றோடு போயிற்று.

அம்சம் திட்டவில்லை. "போங்க டாக்டரம்மா" என்றாள். அவ்வளவுதான். கூட்டத்தில் நின்ற மருதையன்தான், பத்து மாடு வைத்திருக்கும் பெரிய மனுஷர், என் காதில் விழும்படி சொன்னார்: "பொம்பளைய அனுப்புனா இப்டித்தான்." அந்த ஆள் ஒரு மடையன். ஆனால் மாடு செத்தது செத்ததுதான்.

அக்டோபர் 29

ஒரு கன்று போடும் கேஸ் வந்தது. போகவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 6

மறுபடியும் சீட்டு. ஆன்டோ போனில் பாராட்டினார். "இப்பத்தான் பிரின்ஸி, நீங்க பக்குவமாயிருக்கீங்க."

தூ.

நவம்பர் 9

தஞ்சாவூரில் தன்னம்பிக்கைப் பயிற்சி. வேர்க்க வேர்க்கக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒருவர் மேடையில் குதித்தார். ஆளுக்கொரு பலூன். அவரவர் பயத்தை அதில் எழுதி உடைக்க வேண்டுமாம். படித்த டாக்டர்கள் எல்லாம் பட் பட்டென்று உடைத்தார்கள். ஆன்டோ 'மேலதிகாரி' என்று எழுதிவிட்டார். மேலதிகாரி முன்வரிசையில் இருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"தோல்விதாங்க உங்க முதலீடு!" என்றார் கோட்டு. யாருடைய முதலீடு? தோற்றது நான். செத்தது அம்சத்தின் மாடு.

சாம்பார் சாதம் மட்டும் நன்றாக இருந்தது.

நவம்பர் 21

கல்லூரியில் என் அறையில் இருந்த ஷமாவுக்குப் போன் செய்தேன். சீர்காழிப் பக்கம் அவளும் மாட்டு டாக்டர்தான். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்து அழுதேன், முட்டாள்.

"எங்கிட்ட நாலு செத்துருக்குடி. நீ ஒண்ணுக்கே கடைய சாத்திட்டியா?"

"பயமா இருக்கு ஷமா."

"மாடு சாகும்னா, ஊரு சிரிக்கும்னா?"

மூக்கைச் சிந்தினேன்.

"சரி, செத்த மாட்ட அறுத்தாவது பாத்தியா?"

இல்லை. ஓடி வந்துவிட்டேன்.

"அப்ப ஒண்ணும் கத்துக்கல. ஞாயித்துக்கிழம கிளம்பி வா."

திமிர் பிடித்தவள். போகப்போவதில்லை.

நவம்பர் 24

போனேன்.

பிளாஸ்டிக் டிரம்முக்குள் ஈரச் சாக்கைக் கட்டி, முறுக்கி, என் கண்ணையும் கட்டிவிட்டாள். "கைய விடு. முறுக்கு எந்தப் பக்கம்? இடமா, வலமா?" தப்பு. மறுபடி தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மாமியார் அடுப்படியிலிருந்து வந்து அவரும் சிரித்தார். பொழுது சாயும்போது தப்பு குறைந்திருந்தது. இத்தனை சிரிப்பில் நான் செத்துப்போகவும் இல்லை.

டிசம்பர் 3

மழை விட்டிருக்கிறது. வயலும் ரோடும் ஒரே தண்ணீர். மருதையன் வந்து நின்றார். அவர் மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது. ஆன்டோ சீட்டுக் கொடுத்துவிட்டார். வண்டி போக வழியில்லை.

"ஒங்களத் தேடி வருவேன்னு நெனக்கல."

"நானும் நெனக்கலங்க."

தண்ணீரில் நடந்தே அவர் தொழுவத்துக்குப் போனேன். கையை உள்ளே விட்டேன். மடிப்பு. வெளியே எடுத்துக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவை பாக்கணும்." யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். மறுபடி பார்த்தேன். வலப்பக்க முறுக்கு.

மாட்டை வலப்பக்கம் படுக்க வைத்துக் காலைக் கட்டினோம். வயிற்றின் மேல் பலகையைச் சாய்த்து, மருதையனை அதன் மேல் ஏறி நிற்கச் சொல்லி, மாட்டைப் புரட்டினோம். முறுக்கு அசையவில்லை. இரண்டாம் முறை பெரிய மனுஷர் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். அதற்கு மட்டும் நானும் சிரித்தேன். அடுத்த தடவை, உள்ளே விட்டிருந்த என் கைக்குள்ளேயே முறுக்கு அவிழ்ந்தது. குபுக்கென்று பனிக்குடத் தண்ணீர் என் மேலெல்லாம்.

கிடேரிக் கன்று. உயிரோடு.

"பரவால்ல" என்றார் மருதையன். அதைச் சொல்வதற்குள் அவருக்குப் பல்வலி வந்துவிட்டது.

டிசம்பர் 20

அம்சத்திடம் போய், மாடு எதனால் செத்தது என்பதை ஒளிக்காமல் சொன்னேன்.

"அன்னிக்கே ஒங்க மூஞ்சியில தெரிஞ்சிச்சு" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜனவரி 11

வைரக்கண்ணு வீட்டு மாடு. கன்று செத்துத்தான் வெளியே வந்தது. மாடு பிழைத்துக்கொண்டது. கன்று உள்ளேயே செத்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். அது என் தப்பில்லை. மடங்கிய காலை நிமிர்த்த நான் தடுமாறி மாட்டை அதிக நேரம் வதைத்தது என் தப்பு. இரண்டையும் அவரிடம் சொன்னேன். அவர் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

பிறகு சொன்னார்: "எதுத்த வீட்டு மாடும் காலையிலேர்ந்து தவிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

போனேன்.